சாலை வேகத்தில் ஓர் இரும்பு

லாவன்டீல் மலை, போர்ட் ஆஃப் ஸ்பெயின்
நவம்பர் 4

அன்புள்ள வெர்லின்,

எழுதுவது எக்பர்ட் குவாஷி. பீப்பாய் வாத்தியம் வாசிக்கும் கோரல் டோன்ஸ் குழுவில் இரும்புத் தாளம் அடிக்கிறவன். அரேஞ்சராக நீ எங்களுக்குப் பாட்டுக் கட்டிக் கொடுத்த நான்கு வருடமும் உனக்கு இடப்பக்கம் நின்றவன். எழுபத்தொரு வயதில் இது என் முதல் கடிதம். வேறு யாருக்கும் முதல் கடிதம் எழுதத் தோன்றவில்லை.

மாதா கோயில் கூடத்தில் மார்ச் மாதத்திலிருந்து பெரியவர்களுக்குப் பள்ளி நடக்கிறது. பதினாறு பேர் சேர்ந்தோம், ஏழு பேர் மிஞ்சினோம். இப்போது பஸ் பலகை படிக்கிறேன், பிஸ்கட் டின் படிக்கிறேன். எங்கள் தெருமுனை வீட்டு வாசலில் பதினோரு வருடமாக ஒரு பலகை தொங்குகிறது. வீடு விற்பனைக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாய் கடிக்கும் என்று போட்டிருக்கிறது. அந்த வீட்டில் நாயே கிடையாது. படித்துவிட்டு நடுத்தெருவில் நின்று சிரித்தேன்.

நீ புரூக்ளினில் அக்கா வீட்டில் இருப்பதாகவும், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதாகவும் மர்வா சொன்னாள். விலாசமும் அவள் தந்ததுதான். அவள் இன்னும் முன்வரிசையில் டெனர் பான் பீப்பாய் வாசிக்கிறாள். உன் பெயர் வந்தால் மட்டும் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள்.

அடுத்த கார்னிவல் பனோரமா போட்டிக்குக் கேப்டன் கார்லைல், லெனார்ட் என்று ஒருவனைப் பேசி வைத்திருக்கிறான். அவன் ஏற்கனவே இரண்டு குழுவுக்குப் பாட்டுக் கட்டுகிறான், நாங்கள் மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தான். கார் இன்ஜினை அணைக்கவில்லை. நீ ஒவ்வொரு வரிசையாக நடந்து, அவரவர் பாகத்தை அவரவர் காதில் பாடிக் காட்டுவாய். நூறு பேருக்கு நூறு தடவை. எதையும் காகிதத்தில் எழுத மாட்டாய். எழுத்துத் தெரியாத எனக்கு அது எவ்வளவு பெரிய மரியாதையாக இருந்தது என்று உனக்குத் தெரியாது.

உனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. இரண்டு பக்கம் வந்துவிட்டது, விரல் மரத்துவிட்டது. இன்னொரு நாள்.

எக்பர்ட் குவாஷி


புரூக்ளின்
நவம்பர் 19

திரு. குவாஷி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்களுக்காக இதை எழுதிக் கொடுத்தவர் நன்றாகவே எழுதியிருக்கிறார். நாய்ப் பலகைவரை யோசித்து வைத்திருக்கிறார். கார்லைல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல யாராவது எழுதினார்களா, அல்லது எழுதியது மர்வாவா?

கார்லைலிடம் சொல்லிவிடுங்கள். போன பனோரமாவில் ஒன்பதாம் இடம் வந்த மறுநாள், நாம் பயிற்சி செய்யும் முற்றத்தில் எல்லார் முன்னாலும் "பொம்பளைக்கு வேகம் கட்ட வராது, வாசிக்கவே முடியாத பாட்டக் கட்டிக் குடுத்துட்டா" என்று சொன்னது அவர். நான் வருவதாக இல்லை. உருகி எழுதினாலும் இல்லை.

இங்கே எனக்கு நேரத்துக்கு வேலை, நேரத்துக்குச் சாப்பாடு. குளிர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

வெர்லின் கெர்ரா


லாவன்டீல்
டிசம்பர் 1

அன்புள்ள வெர்லின்,

உன் கடிதத்தை மூன்று நாள் படித்தேன். முதல் நாள் பாதிதான் முடிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. வேறு யாரோ எழுதியது என்று நினைக்கும் அளவுக்கு என் எழுத்து இருக்கிறதா என்று சந்தோஷம்தான் வந்தது. அதைப் பள்ளியில் வாசித்துக் காட்டினேன். முதல் பாரா மட்டும்.

நானேதான் எழுதினேன். வேறு யாரையும் எழுதச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய விஷயம் அப்படிப்பட்டது. யார் கையால் எழுதச் சொன்னாலும் அவருக்கு முதலில் தெரிந்துவிடும். உனக்கு முன்னால் யாருக்கும் தெரியக்கூடாது. அதற்காகத்தான் பள்ளிக்கே போனேன்.

நாம் தோற்றது என்னால்.

சவானா மைதானத்துக்குள் போகும் பாதையில் அன்று இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். நினைவிருக்கும். முன்னால் நான்கு குழுக்கள். நம் ஆட்கள் பீப்பாய்கள் ஏற்றிய வண்டிச் சட்டங்களைத் தள்ளித் தள்ளிக் களைத்துவிட்டார்கள். மலையிலிருந்து வந்த சனம் "இரும்பு! இரும்பு!" என்று கத்தியது. நாங்கள் தாளக்காரர்கள் சும்மா அடிக்க ஆரம்பித்தோம். சாலையில் ஆடுகிறவர்களுக்கு அடிக்கிற வேகம். ஒரு கிழவி என் முன்னால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஆடினாள். இரண்டு மணி நேரமும் அதே வேகம். என் தோளெல்லாம் அந்த வேகம்தான்.

அப்புறம் மேடை. நீ குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணினாய். நான் உன்னைப் பார்க்கவில்லை. கண் எதிரே கூட்டம். கை ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. அது உன் எண்ணிக்கையைக் கேட்கவில்லை, சாலையைக் கேட்டது. ஒரு லாரி பிரேக் டிரம், இரண்டு இரும்புத் துண்டு, அவ்வளவுதான் என் வாத்தியம். ஆனால் நூறு பேரும் அதன் பின்னால்தான் வருவார்கள். வந்தார்கள்.

பாஸ் வாசிக்கும் ஹோலிஸைச் சுற்றி ஒன்பது பீப்பாய். நீ அவனுக்குக் கட்டியிருந்த அந்த நடை, அவன் சுற்றித் திரும்பி அடிக்க நேரம் கொடுத்துக் கட்டியது. அந்த நேரத்தை நான் தின்றுவிட்டேன். அவன் குச்சி பறந்து மேடையில் உருண்டதை நான் பார்த்தேன். பார்த்தும் குறைக்கவில்லை. குறைக்கத் தெரியவில்லை.

போட்டி கேசட் ஹோலிஸ் வீட்டில் இருக்கிறது. போன மாதம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். முற்றத்தில் பத்து நிமிடத்துக்குச் சில நொடி குறைவாக வரும் பாட்டு, மேடையில் எட்டரை நிமிடத்தில் முடிந்திருக்கிறது.

மறுநாள் கார்லைல் உன்னை அப்படிப் பேசியபோது நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எக்பர்ட்


புரூக்ளின்
டிசம்பர் 12

எக்பர்ட் அங்கிள்,

முதலில் மன்னிப்பு. எழுதியது நீங்கள்தான் என்று இப்போது நம்புகிறேன். பூட்ஸ் விஷயத்தைக் கார்லைல் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்.

எனக்குத் தெரியும். நான்காவது தாளச் சுற்றில் தெரிந்துவிட்டது. மேடை ஓரத்தில் நின்றுகொண்டு உங்கள் இரும்பைப் பிடுங்கி ரேஸ் குதிரைகள் ஓடும் தடத்தில் எறியவேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பக்கம் திரும்பியிருந்தால் போதும்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். என் இரும்புக்காரர் ஓடிவிட்டார் என்று சொன்னால், தன் இரும்புக்காரரைப் பிடித்து வைக்கத் தெரியாத அரேஞ்சர் என்றுதான் அதற்கு அர்த்தம். அதுவும் பெண். வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்களுக்கு மட்டும் எழுத்து வந்தது போதாது, எனக்கும் உண்மை வரவேண்டும். நான் நிறுத்தியிருக்கலாம். இரண்டு கையையும் தூக்கினால் நூறு பேரும் நின்றிருப்பார்கள். மறுபடி எண்ணியிருக்கலாம். புள்ளி போயிருக்கும், போகட்டும், பாட்டாவது பிழைத்திருக்கும். சவானா முழுக்கப் பார்க்க ஒரு பெண் தன் குழுவை நிறுத்தினாள் என்று அடுத்த நாள் கடைத்தெருவில் பேசுவார்களே என்று பயந்தேன். ஏழு வாரம் கட்டிய பாட்டு என் கண் எதிரே உடைந்துகொண்டே போனது, நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஆனால் நான் ஊரை விட்டது ஒன்பதாம் இடத்துக்காக இல்லை. மறுநாள் முற்றத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசாததற்காக. நீங்கள் உட்பட.

நீங்கள் எல்லாவற்றையும் ஏற்கனவே தெரிந்தவளிடம் சொல்லியிருக்கிறீர்கள். தெரியாதவர்களிடம் சொல்லுங்கள்.

வெர்லின்


லாவன்டீல்
டிசம்பர் 29

அன்புள்ள வெர்லின்,

சொல்லிவிட்டேன். நடந்தபடியே எழுதுகிறேன். நான்கு நாள் ஆகும், பரவாயில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, மத்தியானம், முற்றத்தில் கூட்டம். பன்றித் தொடை வெட்டியாயிற்று, இஞ்சி பானம் வந்தாயிற்று, எல்லாருக்கும் அவசரம். "வேற ஏதாச்சும் பேசணுமா? இல்லன்னா பாட்டிலத் திறக்கலாம்" என்றான் கார்லைல். நான் எழுந்தேன்.

"அங்கிளுக்கு அவசரம்போல, வழி விடுங்கப்பா" என்றான் ஹோலிஸ். சிரிப்பு.

"போன தடவ தோத்தது என்னாலதான்" என்றேன்.

"அது எங்களுக்கே தெரியும் பெருசு. நீ அந்தப் பச்சத் தொப்பியப் போட்டுட்டு வந்தேல்ல, அன்னைக்கே முடிஞ்சுபோச்சு" என்றான் அவனே.

இன்னும் பெரிய சிரிப்பு. வெர்லின், நான் நான்கு இரவு தூங்காமல் சேர்த்து வைத்த வார்த்தைகள். யாரும் நம்பவில்லை. கிழவன் தமாஷ் பண்ணுகிறான் என்று ஒருவன் எனக்குத் தட்டு எடுத்துவர எழுந்துவிட்டான். எனக்குப் பேச்சில் வழி தெரியவில்லை. சட்டத்திலிருந்து இரும்பை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தேன். முதலில் நீ முற்றத்தில் எண்ணும் வேகத்தில் அடித்தேன். எட்டுச் சுற்று. நிறுத்தினேன். பிறகு அன்று மேடையில் அடித்த வேகத்தில் அடித்தேன்.

ஹோலிஸின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவன் கைகள் ஒன்றுமில்லாத இடத்தில் பீப்பாய் தேடித் திரும்பின. பாதியில் மாட்டிக்கொண்டன.

"இதுதான்" என்றான். "இந்த வேகந்தான். என் கைக்குத் தெரியும்." பிறகு எழுந்து நின்றான். "யோவ், ஒரு வருஷமா என் கை போச்சுன்னு நெனச்சிட்டிருக்கேன்யா! வயசாயிருச்சு, இனிமே பாஸ் வேண்டாம்னு வீட்டுல சொல்லிட்டேன்யா! உன் பக்கத்துலதான தெனமும் நிக்கிறேன்? ஒரு வார்த்த சொல்லலாம்ல?"

எனக்கு உன்னைப் பற்றித்தான் தெரியும், வெர்லின். இவனைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு பொய்க்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்.

ஹோலிஸ் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான். இன்னும் என்னிடம் பேசவில்லை.

கார்லைல் தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்ப அந்தப் பொண்ணத் தொரத்துனது..." என்று இழுத்தான்.

"தொரத்துனது நீ" என்றாள் மர்வா. "அவ கட்டுனத வாசிக்க முடியலன்னு வாயத் தொறந்ததும் நீ. முழுசாச் சொல்லிப் பழகு கேப்டன், அவ வந்தா மொகத்துக்கு நேரா சொல்லணும்ல?"

"வருவாளா?"

"நான் என்ன அவ செக்ரட்டரியா? கேளு."

அவன் கேட்டு எழுதிய கடிதம் இதே உறையில் இருக்கிறது. நான் அதைப் படித்துப் பார்த்தேன். என்னால் எல்லாருடைய கடிதத்தையும் படிக்க முடிகிறது இப்போது, கெட்ட பழக்கம்தான். அவனும் மன்னிப்பு என்ற வார்த்தையை நேராக எழுதியிருக்கிறான். ஜனவரியில் ஆரம்பிக்க வேண்டும், லெனார்டிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. நீ வராவிட்டால் இந்த வருடம் நாங்கள் மேடை ஏறப்போவதில்லை.

எக்பர்ட்


புரூக்ளின்
ஜனவரி 7

எக்பர்ட் அங்கிள்,

வேலை செய்யும் இடத்தில் ஐந்து வாரம் விடுப்புக் கேட்டேன். நான்கு தந்தார்கள். பதினேழாம் தேதி மதிய விமானம். பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரி லிஃப்டில் முனகிக்கொண்டே பாதி கட்டிவிட்டேன், ஒரு நோயாளி நான் ஜபம் செய்வதாக நினைத்து ஆமென் சொன்னார்.

நீங்கள் அவர்கள் முன்னால் எழுந்து நின்றதை மர்வா தனியாக எழுதியிருந்தாள். மேஜைமேல் இரும்பை வைத்ததையும். அந்தக் கடிதத்தைப் பஸ்ஸில் படித்து, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

இப்போது எழுதப்போவதை ஊருக்கு வந்து நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் முன்னாலேயே அனுப்புகிறேன்.

இந்த வருடம் நீங்கள் இரும்பு அடிக்கவேண்டாம். உங்கள் தாளக்காரர்களில் ஒருவனான அல்ரிக் அடிக்கட்டும்.

இது தண்டனை இல்லை. உங்கள்மேல் எனக்கு இருந்த வருத்தம் போய்விட்டது, அது வேறு கணக்கு. ஆனால் நான் நான்கு எண்ணும்போது என் கண் நூறு பேர்மேல் இருக்கவேண்டும். நீங்கள் அங்கே நின்றால் அது உங்கள் கைமேல் மட்டும்தான் இருக்கும். நீங்கள் சரியாக அடித்தாலும் இருக்கும். அப்படி ஒரு பாட்டை நடத்த முடியாது.

நாற்பது வருடம் நீங்கள் நின்ற இடம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

வெர்லின்


லாவன்டீல்
பிப்ரவரி 14, சாம்பல் புதன் கழிந்த வெள்ளி

அன்புள்ள வெர்லின்,

நீ நேற்று விமானம் ஏறினாய், நான் இன்று எழுதுகிறேன். நான்கு வாரம் தினமும் பார்த்தோம். குட் மார்னிங், தண்ணீர் வேண்டுமா, மழை வரும்போல இருக்கிறது. வேறு என்ன பேசினோம்? இந்த விஷயங்கள் எனக்குக் காகிதத்தில்தான் வருகின்றன.

உன் ஜனவரிக் கடிதம் வந்தபோது தெருக்குழாயடியில் நின்றே படித்தேன். வாளி நிரம்பி வழிந்தது. மூன்று நாள் எனக்குப் பயங்கரக் கோபம். தான் மேடையில் நிறுத்தவில்லை என்று ஒப்புக்கொண்டவள் என்னை மட்டும் இறக்குகிறாளே என்று. அந்தக் கோபத்தையும் எழுதினேன், நான்கு பக்கம். நல்ல எழுத்து. கிழித்துவிட்டேன். அல்ரிக்கிடம் இரும்பைக் கொடுக்கும்போது அவன், "அங்கிள், சத்தியமா நான் கேக்கல" என்றான். பஸ் ஓட்டுகிறவன், பிரேக் டிரம் பற்றி அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்று சொல்லிச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சிரிக்கவில்லை.

பிறகு வண்டி தள்ள வந்தேன். இறுதிப் போட்டிக்கு நமக்கு விழுந்த சீட்டு, முதலில் மேடை ஏறுவது. முதலில் ஏறுகிற குழு ஜெயிக்காது என்று எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டார்கள். நீ மட்டும், "நல்லது, பாதையில நின்னு ஆட நேரம் இருக்காது" என்றாய். என்னைப் பார்க்காமல் சொன்னாய். நான்தான் முதலில் சிரித்தேன். ஹோலிஸும் சிரித்தான். ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினான். "பெருசு, என் சட்டத்தத் தள்ளு. மெதுவாத் தள்ளு, உனக்குத்தான் வேகம் ஜாஸ்தி."

அவன் பீப்பாய்களை மேடை ஏற்றிவிட்டு நான் அங்கேயே நின்றேன். கையில் பட்டை கட்டிய காவல்காரன் வந்தான். "வாசிக்கிறவங்க மட்டும், தாத்தா. கீழ எறங்கு." நாற்பது வருடத்தில் யாரும் என்னை அந்த மேடையிலிருந்து இறங்கச் சொன்னதில்லை. சூரியன் இன்னும் இருந்தது. இறங்கிச் சுற்றி நடந்து, கூட்டத்துக்கு முன்னால் வேலியோரம் வந்து நின்றேன். கடலை விற்கிற ஒரு பெண் தன் கூடையை நகர்த்தி இடம் தந்தாள்.

"உங்க குழுவா?"

"ஆமா."

"அப்ப ஏன் இங்க நிக்கிறீங்க?"

"எறக்கிட்டாங்க."

"குடிச்சீங்களா?"

"இல்லம்மா. வேகமா அடிச்சேன்."

நீ எண்ணினாய். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அல்ரிக் உன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெர்லின், நான் சொல்லப்போவது உனக்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம். இரும்பு அடிக்கிறவனுக்குக் குழு கேட்காது. அவன் காதுக்குள் இரும்புதான் இருக்கும். பக்கத்தில் காங்கோ டிரம், பின்னால் கஞ்சிரா, முதுகில் பாஸின் அதிர்வு. முன்வரிசையில் டெனர்கள் என்ன வாசிக்கின்றன என்பது யாரோ பக்கத்து வீட்டில் பேசுவதுபோல வந்து போகும். நான் நாற்பது வருடம் நம் குழுவை நடுவில் நின்று கேட்டேன் என்றால், நான் நம் குழுவைக் கேட்டதே இல்லை என்று அர்த்தம். இது எனக்கே தெரியாது. அந்த வேலிக்கு வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

முதல் அடியிலேயே நூறு பேரும் ஒரே ஆளாக மூச்சு விட்டார்கள். நெஞ்சில் வந்து அடித்தது. கடலைக்காரி, "அம்மாடி" என்றாள்.

ஐந்தாவது நிமிடம் இருக்கும். இரும்பு பதினாறு சுற்று சும்மா நிற்கும் இடம். நீ ஒவ்வொரு வருடமும் அப்படி ஓர் இடம் வைப்பாய். எனக்கு அது பிடிக்காது, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கச் சொல்கிறாளே என்று இருக்கும். உன்னிடம் சொன்னதில்லை. நான் ஓய்வு என்று நினைத்த அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். டெனர்கள் தட்டுகின்றனவா, தடவுகின்றனவா என்றே தெரியவில்லை. தகரக் கூரையில் மழை ஆரம்பிக்கிற மாதிரி. பாட்டு அவற்றிடம் இல்லை. எங்கே போயிற்று என்று தேடினேன். அது ஹோலிஸிடம் இருந்தது. ஒன்பது பீப்பாய்க்கு நடுவில் அவன் மெதுவாகத் திரும்பித் திரும்பி, ஒவ்வொரு அடிக்கும் நேரம் எடுத்துக்கொண்டு, அந்தப் பாட்டை அடியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தான். பாஸ் பாடும் என்று எனக்குத் தெரியாது. அவன் கண்ணை மூடியிருந்தான். போன வருடம் நான் அவனிடமிருந்து பிடுங்கியது இதைத்தான்.

கடலைக்காரி கூடையை மறந்துவிட்டாள். அவள் பக்கத்தில் நின்ற போலீஸ்காரன் தொப்பியைக் கழற்றினான். பிறகு எல்லாரும் சேர்ந்து உள்ளே வந்தார்கள், அல்ரிக்கின் இரும்பு சரியான இடத்தில், ஒரு மயிரிழை முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நான் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

நடுவர்கள் நான்காம் இடம் என்றார்கள். கார்லைல் கணக்குப் போட்டுப் போட்டுப் பார்க்கிறான், மூன்று புள்ளியில் போச்சு, மூன்று புள்ளியில் போச்சு என்கிறான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் தாளைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

நேற்று அல்ரிக் இரும்பைத் துடைத்து வீட்டுக்கே கொண்டுவந்தான். "இந்தாங்க அங்கிள், உங்களோடது. அடுத்த வருஷம் நீங்களே அடிங்க, நான் வெர்லின்கிட்ட பேசறேன்." வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். நல்ல இரும்பு. திருப்பிக் கொடுத்துவிட்டேன். "நான் அடிச்சா கேக்கறது யாரு?" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

இப்போது எனக்கு ஒரு கேள்வி. அந்தப் பதினாறு சுற்று முடியும் இடத்தில், ஹோலிஸ் கடைசியாக ஒருமுறை கீழே இறங்குகிறானே, பாட்டு அங்கேயே நின்றுவிடும் என்று நாங்கள் வேலியோரம் எல்லாரும் பயந்துபோனோம். அவனை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுபடி மேலே ஏற்றிக்கொண்டு வர உனக்கு எப்படித் தோன்றியது? பாடிக் காட்ட நீ பக்கத்தில் இல்லை. அதனால் எழுது. நீளமாகவே எழுது. நான் மெதுவாகத்தான் படிப்பேன்.

எக்பர்ட் குவாஷி